கல்லும் ஒரு பக்கம்: தகடூர் நடுகற்களும் அவற்றை அச்சிட்ட புத்தகங்களும்

பக்க வடிவமைப்பு என்னும் பாடம் நம் வகுப்பறைகளில் பொதுவாக ஐரோப்பிய அச்சுக்கூடத்தில் தொடங்குகிறது. 1928இல் யான் சிகோல்டு எழுதிய ‘புதிய அச்சுக்கலை’யும், 1981இல் யோசெஃப் முல்லர்-புரோக்மான் வெளியிட்ட கட்டக முறை பற்றிய நூலும் அதன் மூலங்களாகச் சொல்லப்படும். மேசைக் கணினி வந்தபின் பாடம் இன்னும் சுருங்கி, ராபின் வில்லியம்ஸ் 1994இல் எழுதிய அறிமுக நூலின் நான்கு விதிகளாகிவிட்டது: வேறுபடுத்து, ஒன்றையே திரும்பத் திரும்பக் கையாள், ஒரு கோட்டில் நிறுத்து, உறவுள்ளவற்றை அருகருகே வை. இவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்தும் உருவமும் ஒரே பரப்பில் இடத்துக்குப் போட்டியிடும்போது எழும் சிக்கல் அச்சுப்பொறியோடு பிறந்ததல்ல. தருமபுரி மாவட்டத்தில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நின்ற நடுகற்கள் அந்தச் சிக்கலை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்து, தமக்கென ஒரு வழியைக் கண்டிருக்கின்றன. அந்த வழி என்ன என்று பார்ப்பதோடு, அதே கற்களை இருபதாம் நூற்றாண்டில் புத்தகமாக்கியபோது எதைத் தவறவிட்டோம் என்றும் பார்க்க வேண்டும். வடிவமைப்பை அச்சகத்தார் வேலை என்று ஆய்வாளர் ஒதுக்கும்போது, சான்றின் ஒரு பகுதியே அச்சேறாமல் போகிறது என்பது என் வாதம்.

முதலில் களத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய தகடூர்ப் பகுதி பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று பலர் கைமாறிய எல்லை நிலம். மலையும் மேய்ச்சல் காடும் நிறைந்த இங்கே செல்வம் என்றால் கால்நடை. தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர்வதும் மீட்பதும் அடிக்கடி நிகழ்ந்தன. அதில் விழுந்தவனுக்குக் கல் நடப்பட்டது. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுத்துச் சொல்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் தலைமையில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலையும், 1975இல் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ முதல் தொகுதியையும் வெளியிட்டது. சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த அன்றைய தருமபுரி மாவட்டம் இன்றைய கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். ஆகவே ‘தருமபுரி நடுகற்கள்’ என்று ஆய்வுலகம் பேசும்போது இரண்டு மாவட்டங்களும் சேர்ந்தே வருகின்றன. கிழக்கே செங்கம் வட்டாரமும் இதே மரபின் நீட்சி என்பதால், அங்கிருந்தும் ஒரு சான்றை எடுத்துக்கொள்கிறேன்.

பல்லவர் காலத்து நடுகல் ஒன்றின் அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும். ஒரே பலகைக்கல். நடுவில் வீரன், புடைப்புச் சிற்பமாக. ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள். சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகள்கூடத் தெரியும். தலைக்கு மேலே உள்ள பரப்பில் வட்டெழுத்து வாசகம் கீறப்பட்டிருக்கும். இடம் போதாவிட்டால் அது தோள்களின் இருபுறமோ ஒரு புறமோ இறங்கி வரும். காலடியில் கெண்டி, சிமிழ் போன்ற சிறு பொருள்கள், தொறுச் சண்டையானால் சில வேளை மாடுகள். இந்த மூன்று அடுக்குகளையும் ஒரே மாதிரியான செதுக்கலால் செய்யவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புடைப்பு உருவத்தின் விளிம்பில் நிழல் விழும். வெயில் உள்ள நேரத்தில் தூரத்தில் வருபவனுக்கும் ஓர் ஆள் நிற்பது தெரியும். கீறிய எழுத்துக்கு அந்த நிழல் கிடையாது. சாய்வான வெளிச்சம் பட்டால்தான், அதுவும் கல்லின் அருகே வந்தால்தான், கோடு தெரியும். கல்வெட்டுப் படிப்பவர்கள் காலையிலும் மாலையிலும் வேலை செய்ய விரும்புவதும், எழுத்தின் மேல் சுண்ணப்பொடி தடவுவதும் இதனால்தான். ஆக, தூரத்திலிருந்து வருபவனுக்கு ‘இங்கே ஒருவன் விழுந்தான்’ என்ற செய்தி. சற்று அருகே வந்தவனுக்கு எந்த வகைச் சாவு என்ற செய்தி. கல்லருகே நின்றவனுக்குப் பெயரும் ஆண்டும். இந்த வரிசையை வகுத்துக் கொடுத்தது உளியின் ஆழம். இன்றைய செய்தித்தாளின் முதல் பக்கம் தலைப்பின் பருமனாலும் படத்தின் அகலத்தாலும் செய்ய முயல்வது இதைத்தான். லத்தீன் எழுத்தில் உள்ளதுபோல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழில் இல்லை; அதனால் எது முதன்மை, எது துணை என்று காட்ட அளவையும் அழுத்தத்தையும் இடத்தையும் மட்டுமே தமிழ்ப் பக்கம் நம்ப வேண்டியிருக்கிறது. நடுகல்லும் அவற்றைத்தான் நம்பியது.

வாசகத்தின் உள் ஒழுங்கு இன்னும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்து நாட்டை ஆண்ட தலைவன், பிறகு ஊரும் நிகழ்ச்சியும், கடைசியில் பட்டவனின் பெயர், ‘கல்’ என்ற முடிவு. சிறு மாறுதல்களோடு இந்த வாய்பாடு நூற்றாண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. சொல்லிடைவெளி இல்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதும் அரிது. வரி எங்கே முடிகிறதோ அங்கே சொல் உடைகிறது. (சொல்லை இணைகோடு இல்லாமல் வரியிறுதியில் உடைக்கும் பழக்கம் நம் நாளிதழ்களில் இன்றும் தொடர்கிறது, தமிழ் வாசகன் அதைக் குறையாகவே உணர்வதில்லை.) இப்படிப்பட்ட எழுத்தைப் படிக்க வாய்பாடுதான் துணை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவனால் பாதி தேய்ந்த வரியையும் ஊகித்துப் படிக்க முடியும். இந்த வரிசையைக் கல்லின் பரப்பில் பொருத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. வாசகம் மேல் விளிம்பில் தொடங்குவதால் அரசன் பெயர் உச்சியில் அமர்கிறது. எழுத்து உருவத்தின் பக்கவாட்டுக்கு இறங்கும் கற்களில், வாய்பாட்டின் கடைசியில் வரும் வீரன் பெயர் அவன் உடம்பின் பக்கத்திலேயே வந்து சேர்கிறது. அரசனுக்கு உயரம், வீரனுக்கு நெருக்கம். தொடரின் இலக்கணமும் பரப்பின் இலக்கணமும் இங்கே ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கின்றன. இதைச் சிற்பி எண்ணித்தான் செய்தானா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எண்ணித்தான் செய்திருக்கிறான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு கல் உண்டு. முன்பு சொன்ன செங்கம் வட்டாரச் சான்று அதுதான்; திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்ததை முதன்மை வாசகம் சொல்கிறது. கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கெனத் தனியாக ஒரு சிறு வாசகம் உண்டு: கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கூறுவது. அரசன், ஆண்டு, நாடு என்ற வாய்பாடு எதுவும் அதற்கு இல்லை. நேராக நாயின் பெயரிலும் செயலிலும் தொடங்கி முடிந்துவிடுகிறது. இன்றைய பத்திரிகை அலுவலகத்தில் இதைப் படவிளக்கம் என்பார்கள். செய்தியின் நடையும் படவிளக்கத்தின் நடையும் வேறாக இருக்க வேண்டும் என்பதும், படத்தைக் காட்டி ‘இது இன்னது’ என்று மட்டும் சொன்னால் போதும் என்பதும் ஏழாம் நூற்றாண்டுக் கல்லில் தெளிவாகவே கடைப்பிடிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு வாசகங்களை இரண்டாகப் பிரித்தவன் பரப்பைப் பகுதிகளாக எண்ணத் தெரிந்தவன்.

இந்த அமைப்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல, கடைசிவரை நிலைத்ததும் அல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்களில் உருவமே கிடையாது, எழுத்து மட்டுந்தான். மறுகோடியில், பிற்காலத்து நடுகற்கள் பலவற்றில் உருவம் மட்டும் இருக்கிறது, எழுத்து இல்லை. இரண்டும் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட காலம் இடைப்பட்ட சில நூற்றாண்டுகள்தான். கன்னட நாட்டுப் பக்கம் வேறொரு வளர்ச்சி நிகழ்ந்தது. அங்கே கல் மூன்று தட்டுகளாகப் பிரிந்தது: கீழே போர், நடுவே தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது, மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. தட்டுகளைப் பிரிக்கும் பட்டைகளில் எழுத்து நேர்வரிசையில் ஓடும். தருமபுரி எல்லை நிலம் என்பதால் இவ்வகைக் கற்களும் இங்கே உண்டு. படத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், எழுத்தையோ மேலிருந்து கீழாக. கட்டக முறையின் ஒழுங்கை விரும்புகிறவர் கண்ணுக்கு மூன்று தட்டுக் கல்தான் முன்னேற்றமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டைக்குள் அடங்கிய எழுத்து படத்தோடு பேசுவதை நிறுத்திவிடுகிறது. அதை எடுத்துவிட்டு வேறோர் எழுத்தை வைத்தாலும் கல்லின் தோற்றம் மாறாது. ஒற்றைப் பலகைக் கல்லில், வாள் நுனி நீண்டால் வரி குறுகும். வரி நீண்டால் வில் ஒதுங்கும்.

இங்கே முதல் மறுப்பு எழும். சிற்பி உருவத்தைச் செதுக்கி முடித்தபின், எஞ்சிய இடத்தில் எழுத்தைத் திணித்தான். அதில் திட்டம் எங்கே இருக்கிறது? பின்வந்தவர்கள் தற்செயலுக்கு இலக்கணம் எழுதுகிறார்கள் என்பது அந்த மறுப்பு. இதில் பாதி உண்மை. வரிகள் கோணிப் போவதும், கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு சிறுப்பதும் நடுகற்களில் அரிதல்ல. ராபின் வில்லியம்ஸின் நான்கு விதிகளில் ‘ஒரு கோட்டில் நிறுத்து’ என்பதை வைத்து மதிப்பெண் போட்டால் பல நடுகற்கள் தேறா. ஆனால் உருவத்துக்கு மேலே எழுத்துக்கென்று பரப்பு விடப்படுவது ஊருக்கு ஊர், அரசனுக்கு அரசன் தொடர்ந்து வருகிறது. உருவம் கல் முழுவதையும் நிரப்பிவிட்டு எழுத்து முதுகுப்புறம் போவது பொதுவழக்காக இருந்திருந்தால் மறுப்பை அப்படியே ஏற்கலாம். முன்பக்கத்தில், தலைக்கு மேல், எழுத்து வரும் என்று எதிர்பார்த்தே உருவத்தின் உயரம் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. எவ்வளவு எழுத்து வரும் என்பதில்தான் கணக்குத் தப்பியிருக்கிறது. கட்டுரை நீளம் கூடிப்போய்க் கடைசி நேரத்தில் எழுத்தளவைக் குறைக்கும் பக்க வடிவமைப்பாளருக்கும் திட்டம் இல்லை என்று நாம் சொல்வதில்லையே. தனி ஒருவனின் நோக்கத்தை நிறுவ முடியாவிட்டாலும், மரபின் ஒழுங்கை நிறுவ முடியும்; வடிவமைப்பு வரலாற்றுக்கு அது போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மாடு மேய்த்தவர் நிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? படிக்க ஆளே இல்லாத எழுத்துக்கு வாசிப்பு வரிசை என்று பேசுவது பொருளற்றது அல்லவா? சங்கப் பாடல்கள் இதற்கு ஓரளவு பதில் தருகின்றன. உமணர் வண்டியின் சக்கரம் இடித்துத் தலை சிதைந்த நடுகல்லில், கூரிய உளியால் செதுக்கிய எழுத்தின் கோடுகள் மறைந்து வழிப்போக்கரைத் தடுமாற வைப்பதை அகநானூறு ஒரு காட்சியாகக் காட்டுகிறது. கவிதையைக் கணக்கெடுப்பாகக் கொள்ள முடியாது. என்றாலும் வழியில் செல்பவன் நின்று எழுத்தைப் படிக்க முயல்வான் என்பது கேட்பவருக்கு வியப்பூட்டாத செய்தியாக இருந்திருக்கிறது. அது மட்டுமல்ல, படிக்கத் தெரியாதவர் மிகுதி என்றால் அடுக்கடுக்கான வாசிப்பின் தேவை கூடுமே தவிரக் குறையாது. எழுத்தறியாதவன் உருவத்தோடு நின்றுவிடுகிறான். அவனுக்கும் கல் வெறுமையாக இல்லை. எழுத்து கைவிட்டுப்போன பின் என்ன ஆயிற்று என்பதையும் இந்த மாவட்டமே காட்டுகிறது. பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் பூசிய உருவம் தெய்வமாக வாழ்கிறது. பக்கத்தில் இருக்கும் பெயரை யாரும் படிப்பதில்லை. வட்டெழுத்து மறைந்து உருவம் மட்டும் பேசியபோது, குறிப்பிட்ட ஒருவன் பொதுவான ஒரு காவல் தெய்வமானான். எழுத்துக்கும் உருவத்துக்கும் இடையே நடந்த வேலைப் பங்கீடு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஓலைச்சுவடி இந்த வகையில் நடுகல்லுக்கு நேர் எதிர். பனையோலையின் அகலம் சில விரற்கடைதான். நீளமோ அதைப்போல் பல மடங்கு. வரி நீண்டு ஓடியே தீர வேண்டும். கயிறு கோக்கும் துளையைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுவதைத் தவிர ஏட்டில் வெற்றிடம் என்று பெரிதாக ஒன்றும் இராது. தமிழ் அச்சு நூல் ஏட்டின் வழியாகத்தான் தன் பாடத்தைப் பெற்றது; பாடல், உரை, எல்லாமே ஓடும் எழுத்து. கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர்களும் அந்தப் பழக்கத்திலேயே கல்லை அணுகினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. கல்லைப் பக்கமாகப் பார்க்காமல், பாடத்தைத் தாங்கி நிற்கும் பொருளாகப் பார்த்தார்கள்.

தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளில் நமக்குப் பழகிப்போன பக்க அமைப்பை எண்ணிப் பார்க்கலாம். மேலே மாவட்டம், வட்டம், ஊர், மொழி, எழுத்து, அரசு, ஆட்சியாண்டு என்று ஓர் அட்டவணை, அடுத்துக் குறிப்புரை, கீழே கல்வெட்டு வாசகம், வரி வரியாக எண்ணிட்டு. தேடுபவருக்கு இது மிக வசதியானது. ‘செங்கம் நடுகற்கள்’ போன்ற நூல்கள் இல்லாவிட்டால் இக்கட்டுரையே இல்லை. ஆனால் வரியெண் இட்ட வாசகம் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. ஐந்தாவது வரி நான்கு எழுத்தோடு நின்றுபோனது கல் உடைந்ததாலா, வில் குறுக்கிட்டதாலா? ஆறாவது வரி உருவத்தின் இடப்பக்கமா, வலப்பக்கமா? பக்கவாட்டில் இருபுறமும் எழுத்திருந்தால், இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கம் போவதா, உருவத்தைத் தாண்டி வரிக்கு வரி குறுக்கே படிப்பதா? இது பதிப்பாசிரியர் எடுத்த முடிவு. அச்சில் அது கல்லின் இயல்பாகத் தோற்றமளிக்கிறது. எடுத்தனூர்க் கல்லின் நாய் வாசகத்தை முதன்மை வாசகத்தின் தொடர்ச்சியாக வரியெண் இட்டுக் கோத்துவிட்டால், வீரனின் கதைக்கு ஒரு பின்குறிப்பு என்றுதான் படிப்பவர் கொள்வார். கல்லில் அது நாயின் சொந்த இடம்.

இப்படி ஆனதற்குப் பதிப்பாசிரியரின் கவனக்குறைவைக் காரணம் சொல்வது நியாயமல்ல, தொழில்நுட்பம்தான் பெருங்காரணம். கல்வெட்டை மைப்படி எடுக்கும் முறை, ஈரத்தாளைக் கல்லில் அழுத்தி மையொற்றுவது. கீறிய எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்பரப்பு கருப்பாகவும் வரும். புடைத்து நிற்கும் சிற்பத்தின் மேல் தாள் ஒழுங்காகப் படியாது. அதனால் எழுத்துள்ள பகுதிதான் அலுவலகம் வந்து சேரும். உருவம் ஊரிலேயே நின்றுவிடும். அச்சகத்தில் இந்தப் பிரிவினை இன்னும் உறுதிப்பட்டது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் புகைப்படத்தை ஹாஃப்டோன் பிளாக் செய்து ஆர்ட் பேப்பரில் அடிக்க வேண்டும். வாசகத்தைச் சாதாரணத் தாளில் அடித்தால் போதும். படங்களைத் திரட்டி நூலின் முன்னோ பின்னோ தனிக்கட்டாகச் சேர்ப்பது அன்று எல்லா நாடுகளிலும் சிக்கனமான வழி. ஆஃப்செட் வந்தபின் படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே தாள், ஒரே அடிப்பு. காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்று வெளிவரும் நடுகல் நூல்களிலும் வண்ணப்படங்கள் கடைசிப் பதினாறு பக்கத்தில் அணிவகுத்து நிற்பதைக் காணும்போது, ஆர்ட் பேப்பரின் ஆவி இன்னும் அச்சகத்தை விட்டு அகலவில்லை என்றே தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆய்வு நூல்கள் பிரித்துவைத்த இந்த இரண்டையும் தெருச்சுவர் சேர்த்தே வைத்திருக்கிறது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பாருங்கள். நடுவில் இறந்தவர் படம், ஒருபுறம் தோற்றம், மறுபுறம் மறைவு, படத்தை ஒட்டிப் பெயர். பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு முகம், நடந்து போகிறவருக்குப் பெயர், நின்று படிப்பவருக்குத் தேதியும் உறவினர் பட்டியலும். நடுகல்லிலிருந்து இது வழிவழியாக வந்தது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. இறந்தவரைத் தெருவில் நிறுத்தி வழிப்போக்கருக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஒரே தேவை, ஒரே வகை அமைப்பை மீண்டும் பிறப்பித்திருக்கிறது. விரைவாகக் கடந்து போகிறவரின் கண் எதை முதலில் பற்றும் என்பதில் ஏழாம் நூற்றாண்டுக்கும் ஃபிளெக்ஸ் காலத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்க முடியாது. ஃபிளெக்ஸ் பலகைகளில் உறவினர், நண்பர், கட்சிக்காரர் முகங்கள் கூடிக்கூடி இறந்தவரையே ஓரத்துக்குத் தள்ளிவிடும்போது அந்த அமைப்பு குலைந்துவிடுகிறது. வீரனைக் காட்டிலும் பகைவரையும் மாட்டையும் சிறிதாகவே செதுக்கிய சிற்பிக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தது.

நடுகல் நூல் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து வகுக்க முடியும். இடப்பக்கத்தில் கல் முழுவதும், வலப்பக்கத்தில் வாசகம், அட்டவணை கண்ணை முதலில் இழுக்காதபடி அடியில், சிறிய எழுத்தில். வரியெண்கள் வாசகத்தில் மட்டுமல்லாமல் கல்லின் கோட்டுப்படத்திலும் இருந்தால், எந்த வரி எங்கே நிற்கிறது, பதிப்பாசிரியர் எந்த வழியில் படித்தார் என்பது தெரிந்துவிடும். மாற்றிப் படிக்க விரும்புகிறவருக்கும் வழி திறந்திருக்கும். பக்கம் இரட்டிப்பாகும், விலை ஏறும் என்பது பதிப்பகத்தார் சொல்லக்கூடிய தடை. மாணவருக்கு வாசகம் மட்டும் உள்ள மலிவுப் பதிப்பு வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. அதற்கு வாசகத் தொகுதிகள் ஏற்கனவே இருக்கின்றன. புதிதாக அச்சிடுவது பழைய குறையை நிரப்ப வேண்டாமா? உண்மையான இடர் செலவில் இல்லை, படம் எடுப்பதில் இருக்கிறது. உருவம் எடுப்பாகத் தெரியும் வெளிச்சத்தில் எழுத்து மங்கும். எழுத்து தெளியும்படி ஒளியைத் தாழ்த்திச் சாய்த்தால் உருவத்தின் நிழல் நீண்டு பக்கத்து வரிகளின் மேல் விழும். ஒரு கல்லுக்கு ஒரே படம் என்ற வழக்கத்தை விட்டு, வெவ்வேறு பொழுதில் எடுத்த இரண்டு படங்களையும், கல்லின் முன் உட்கார்ந்து கையால் வரைந்த ஒரு கோட்டுப்படத்தையும் சேர்த்தே அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் கற்களிலிருந்தே அந்த வேலையைத் தொடங்கலாம்.